அம்மாவுக்குப் பல் சுத்தம் செய்ய நான்கு நடை

பல் சுத்தம் செய்வதெல்லாம் அரை மணி நேர வேலை என்றுதான் நானும் நினைத்தேன். அம்மாவுக்கு அது முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

அம்மாவுக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க தினமும் க்ளோபிடோக்ரல் மாத்திரை. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்றதும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வாசலில் டோக்கன் கொடுத்த பெண்ணே உள்ளே வந்து கையுறை மாட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. நடுவில் போன் அடித்தது. கையுறையோடே எடுத்துப் பேசினார், அதே விரல்கள் திரும்ப அம்மா வாய்க்குள் போயின. நான் பக்கத்தில்தான் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு என் மேல்தான். 12 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. டாக்டர் வந்து எட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்கும்மா" என்றார்.

ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுப்பினார். தலையணை உறையில் ரத்தம். பஞ்சை உருட்டிக் கடிக்கச் சொல்லி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் போய், "நேத்து சுத்தம் பண்ணினவங்க என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டேன். "எல்லாரும் ட்ரெய்னிங் எடுத்தவங்கதான் சார்" என்று பதில் வந்தது. அது என்ன ட்ரெய்னிங் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். பல்லில் கல் எடுப்பது, மெருகு போடுவது, வாய்ச் சுகாதாரம் சொல்லித்தருவது, இதையெல்லாம் செய்கிறவர் டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று 1948லேயே வந்த பல் மருத்துவர் சட்டம் சொல்லியிருக்கிறது. அதற்கென்று இரண்டு வருட டிப்ளமோ உண்டு, மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவும் உண்டு. இத்தனை வருடம் இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. ஆகவே உட்காருவதற்கு முன்னாலேயே "பதிவு எண் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். இருக்கிறவர் கோபப்பட மாட்டார்.

அடுத்தது ஒரு பல் மருத்துவக் கல்லூரி. காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்று சீட்டு வாங்கி, பதினொன்றரைக்கு உள்ளே போனால், "சுகர் ரிப்போர்ட் எங்கே? இதய டாக்டர் லெட்டர் எங்கே?" இரண்டும் இல்லை. கவுன்டரில் இருந்தவர் சீட்டு கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு, "அது உள்ள சொல்வாங்க, நாங்க சொல்லக்கூடாது" என்றார். அந்த நாள் போச்சு. இதய டாக்டரைப் பார்க்க இன்னொரு அரை நாள். அவர் எழுதித் தந்தது ஒரே ஒரு வரி: மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதற்குள் எங்கள் தெருவில் இரண்டு பேர், "அஞ்சு நாள் மாத்திரையை நிறுத்திட்டுப் போங்க" என்று ஆலோசனை சொல்லியிருந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்தினால், ஈறில் வரும் ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து அது.

மூன்றாவது நடையில்தான் அந்தக் கல்லூரியில் ஹைஜீனிஸ்ட் பெண்மணி ஒருவரைப் பார்த்தோம். ஐம்பதை ஒட்டிய வயது, அதிர்ந்து பேசாதவர். கருவிகள் இருந்த கவரை எங்கள் கண் முன்னால் கிழித்தார். கவர் மேலிருந்த கோடு நிறம் மாறியிருந்ததைக் காட்டி, "இது கிருமியைக் கொல்ற ஆட்டோகிளேவ் மெஷின்ல, நீராவிச் சூட்டுல இருந்து வந்ததுக்கு அடையாளம்" என்றார். பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை எடுத்து ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்குள் இறக்கி அளந்தார். "மூணு, ரெண்டு, மூணு" என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு மாணவி எழுதிக்கொண்டே வந்தார். கீழ்க் கடைவாய்க்கு வந்ததும் குரல் மாறியது. "அஞ்சு, ஆறு, ஆறு. ரத்தம்." மூன்று வரை சரி, நாலைத் தாண்டினால் ஈறு பல்லை விட்டு விலகுகிறது என்று அர்த்தமாம். முதல் கிளினிக்கில் இந்தக் கம்பியைக் கையிலேயே எடுக்கவில்லை. மேலே தெரிந்ததைத் தேய்த்துவிட்டு, அடியில் கிடந்த கல்லை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்கம்மா" என்றார். அம்மா நாலு தடவை தூக்கினார், நாலு தடவையும் அவர் வேலையை நிறுத்தினார். ஒரு பக்கம் மட்டும் அன்றைக்கு, மறுபக்கம் அடுத்த வாரம். கல்லை எடுத்தால் பல் ஆடும் என்று அம்மாவுக்குப் பயம். "கல்லுதான் ஈறை அரிச்சு ஆட வைக்குது. அது பிடிச்சிட்டு இருந்ததால உங்களுக்கு ஆடுறது தெரியலை" என்று பொறுமையாக விளக்கினார்.

கடைசியில் கண்ணாடியைக் கொடுத்துப் பல் தேய்க்கச் சொன்னார். அம்மா அண்டாவில் அடிப்பிடித்ததைச் சுரண்டுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் தேய்த்தார். "அம்பது வருஷமா தேய்க்கிறேன், எனக்கே சொல்லித் தர்றியா கண்ணு?" அவர் சிரித்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருமிடத்தில் சாய்த்து வைத்து, அம்மா கையைப் பிடித்தே சின்னச் சின்ன அசைவாகக் காட்டினார். அதற்கு மட்டும் பத்து நிமிடம்.

அடுத்த வாரம் மறுபக்கமும் சிக்கலில்லாமல் முடிந்தது. இரண்டு மூன்று நாள் பல் கூசியது, அவ்வளவுதான். எட்டு வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள். ஆறு இருந்த இடம் நாலு. தொட்டால் ரத்தமில்லை. அம்மாவுக்கு அந்த நம்பர் பெரிதாகத் தெரியவில்லை. "முறுக்கு கடிக்கலாமா?" என்றுதான் கேட்டார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லித் தேதி போட்டு அட்டை தந்திருக்கிறார்கள். அட்டை, சுகர் ரிப்போர்ட், டாக்டர் லெட்டர் மூன்றையும் ஒரே உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். அந்தக் கவுன்டர் முன்னால் இன்னொரு தடவை வெறும் கையோடு நிற்க எனக்குத் தெம்பில்லை.