‘கெதாரு’ம் நம்ம ‘இரு’வும்

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து இது ஐந்தாவது மாதம். இதுவரை 600 சொற்களுக்கு மேல் அட்டை போட்டிருக்கிறேன். முன்பக்கம் ஸ்பானிஷ், பின்பக்கம் ஆங்கிலத்தில் பொருள். போன மாதம் டயர் மாற்றும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அந்த ஆள் ‘காத்தோ’வை வண்டிக்கு அடியில் வைக்கச் சொன்னார். என் அட்டைப்படி காத்தோ என்றால் பூனை. அவர் ஜாக்கியைக் கையில் எடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

அடுத்த வாரம் செய்தியில் ‘எஸ்போசாஸ்’ வந்தது. மனைவிமார் என்று படித்திருந்தேன். போலீஸ்காரர் ஒருவனைப் பிடித்து அவன் கையில் மாட்டியதும் அதே எஸ்போசாஸ்தான். வீட்டில் சொன்னால் ஒரே சிரிப்பு. காட்டில் திரிவதையும் கையில் பூட்டுவதையும் ‘விலங்கு’ என்றே சொல்கிற நாம் எந்த வாயால் சிரிப்பது?

இந்த மாதிரிப் பெயர்ச்சொற்களால் பெரிய தொந்தரவு இல்லை. பக்கத்தில் டயர் கிடந்தால் ஜாக்கி, பால் கிண்ணம் இருந்தால் பூனை. ஆளை அசர வைத்தது வினைச்சொல், அதிலும் ‘கெதார்’. அந்த அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் எட்டுப் பொருள் எழுதி வைத்திருந்தேன். யாராவது பேசும்போது எட்டில் எது என்று தேடி முடிப்பதற்குள் அவர் மூன்று வாக்கியம் தாண்டியிருப்பார்.

ஒரு ராத்திரி வெறுத்துப்போய், கெதார் வரும்படி கேட்டுக் குறித்து வைத்திருந்த வாக்கியங்களுக்கு நேராகப் பேச்சுத்தமிழில் எழுதிப் பார்த்தேன். கீழே வரும் ‘கேதா’, ‘கேததே’ எல்லாம் கெதாரின் வடிவங்கள்தான். ‘கேதா பான்’: ரொட்டி இருக்கு, அதாவது மிச்சம் இருக்கு. ‘லா ஃபார்மாசியா கேதா லெஹோஸ்’: மருந்துக்கடை தூரத்துல இருக்கு. ‘லா கமீசா தே கேதா பியென்’: சட்டை உனக்கு நல்லா இருக்கு. ‘கேததே அக்கீ’: இங்கேயே இரு. நாலுக்கும் ஒரே ‘இரு’! சட்டை வாக்கியத்தில் வரும் ‘தே’கூட நம்ம ‘உனக்கு’தான். இத்தனை நாள் எதற்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

சந்தோஷம் இரண்டு நாள்தான் நிலைத்தது. புத்தகம் மேசை மேல் இருக்கு என்பதற்கும் கெதாரையே போட்டேன். இணையத்தில் என்னோடு பேசிப் பழகும் மெக்சிகோ நண்பர் திருத்தினார். நகராத இடங்களுக்குத்தான் அப்படிச் சொல்வார்களாம், கடை, ஊர், கட்டடம் மாதிரி. மேசை மேல் கிடக்கும் புத்தகத்துக்கு ‘எஸ்தா’. அதோடு, ‘கெதாமோஸ் ஆ லாஸ் சிங்கோ?’ என்று ஸ்பெயின்காரர் கேட்டால் 5 மணிக்குச் சந்திப்போமா என்று அர்த்தம். அங்கே என் ‘இரு’ எடுபடாது.

‘எஸ்பெரார்’ வேறு விதமாக ஏமாற்றியது. காத்திருப்பதும் அதுதான், நடக்கணுமே என்று நினைப்பதும் அதுதான். ‘எஸ்பெரோ கெ வெங்கா’ என்றால் அவர் வரணும்னு நினைக்கிறேன். நடுவில் ஒரு ‘ஆ’ சேர்த்து ‘எஸ்பெரோ ஆ கெ வெங்கா’ என்றால் அவர் வர்ற வரைக்கும் காத்திருக்கேன். வேகமான பேச்சில் அந்த ‘ஆ’ என் காதுக்கு இன்னும் தட்டுப்படவில்லை. ‘தெங்கோ சுவேன்யோ’ என்றால் தூக்கம் வருது. அதில் ஒரு ‘ஊன்’ நுழைந்து ‘தெங்கோ ஊன் சுவேன்யோ’ ஆகிவிட்டால் எனக்கு ஒரு கனவு இருக்கு!

இப்போது ஒற்றைச் சொல்லுக்கு அட்டை போடுவதை நிறுத்திவிட்டேன். முன்பக்கம் முழு வாக்கியம், பின்பக்கம் வீட்டில் பேசுகிற தமிழ். 80 அட்டை வரை மாற்றியாயிற்று. சந்தேகம் வந்தால் ஸ்பானிய அகாதெமியின் அகராதி. 1713-இல் தொடங்கிய அமைப்பு, அகராதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் எந்தெந்த நாட்டு வழக்கு என்ற குறிப்பும் அதில் உண்டு, அது ரொம்ப முக்கியம். ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்குச் சாதாரணமாகச் சொல்லும் ‘கொஹேர்’, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. நான் எங்கேயும் அதற்குப் பதிலாக ‘தொமார்’ என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வாரம் மாட்டிக்கொண்டிருப்பது ‘யா’. ‘யா கொமீ’ என்றால் சாப்பிட்டாச்சு. ‘யா வோய்’ என்றால் இதோ வர்றேன். ‘யா நோ’ என்றால் இப்போல்லாம் இல்லை. மூன்றுக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த அட்டையின் பின்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.