ஆயாவின் ஜன்னலில் ஒரு குழாய்

2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து, சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் குடியேறினேன். வீட்டுக்கார அம்மாவைத் தெருவே ஆயா என்கிறது. நானும் அப்படியே அழைக்கிறேன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் வந்து சேர்ந்த கரை இது. ஆயாவிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் கூழ், சாம்பிராணி, வா, குடி என்ற அளவுதான்.

இவ்வளவு தூரம் வந்து என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். வாய் உருக்கி மூடிய சிறு கண்ணாடிக் குழாயைக் காட்டினேன். உள்ளே 5சிபி என்ற திரவப் படிகம். டர்பன் கோடையில் அது நீர்மோர் போலக் கலங்கியிருக்கும். ஓடும், ஆனால் கோல் வடிவ மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே திசை பார்த்து நிற்கும். 35 டிகிரியைத் தாண்டினால் அந்த ஒழுங்கு சட்டென்று குலைந்து, குழாய் தெளிந்துவிடும். சூடான தேநீர்க் கோப்பையோடு ஒட்டி வைத்தோம். தெளிந்தது. ஆயா எடுத்து ஊதினார், கலங்கியது. ஐந்தாறு முறை செய்து பார்த்தார்.

நான் ஆராய்வது இதற்கு அடுத்த படி. இதே திரவத்தை நுண்துளைக் கண்ணாடியில் ஊறவிடுகிறேன். துளையின் அகலம் 7 நானோமீட்டர். மூலக்கூறின் நீளமே கிட்டத்தட்ட 2. சுவரின் பிடிக்கு அப்பால் ஒதுங்க அங்கே இடமில்லை. அதனால் 35 டிகிரி என்ற கோடு அழிந்துபோகிறது. ஒழுங்கு சிறுகச் சிறுகக் கூடிக் குறைகிறது. வெளியே முழுவதும் குலைந்துவிடும் வெப்பத்திலும் சுவரோரம் கொஞ்சம் எஞ்சி நிற்கிறது. இதைப் பார்க்கத்தான் கடல் தாண்டினேன்.

பத்தில் ஒரு டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி, வெப்பம் நிலைக்கும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். அந்த ஆண்டு லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தது. பாதி இரவில் மின்சாரம் போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். நான்காம் முறை அறைக்கு வந்து அழுதுவிட்டேன். ஆயா இருட்டில் ஒரு சொம்புக் கூழோடு வந்து, "குடி" என்றார்.

குழாயை அவரிடமே கொடுத்துவிட்டேன். சமையலறை ஜன்னலில் நிற்கிறது. ஜூலைக் குளிரில் ஒருநாள் அது வெள்ளையாக உறைந்துபோக, செத்துவிட்டதா என்று பதறி எடுத்து வந்தார். அவர் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடச் சொன்னேன். விரித்தபோது ஓடத் தொடங்கியிருந்தது. இப்போது குளிர்காலக் காலைகளில் அதைக் கையில் பொத்திக்கொண்டுதான் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறார்.