நகை போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தேன்

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வருகிற ஆலோசனைப் பகுதிக்குக் கடிதம் போட்டு நான் பட்ட பாடு இது. இன்னும் மனசு ஆறவில்லை.

பிரச்சினை என் 22 பவுன். கல்யாணமான மறு வாரமே "பத்திரமா இருக்கட்டும்" என்று மாமியார் வாங்கி பீரோவில் வைத்தார். ஏழு வருஷம் கழித்து, சின்னவளுக்குக் காது குத்தணும் என்று கேட்டால், "எந்த நகை?" என்கிறார். கணவர் துபாயில், அம்மா முன்னால் வாய் திறக்க மாட்டார். நாலு பக்கம் எழுதி, பெயரும் ஊரும் வேண்டாம் என்று அடிக்கோடிட்டு அனுப்பினேன்.

மூன்று மாதம் சத்தமே இல்லை. ஒரு ஞாயிறு மதியம், ஜாக்கெட் தைக்க வந்த பக்கத்துத் தெருப் பெண், நாலாக மடித்த அந்தப் பக்கத்தை மெஷின் மேல் விரித்து, "அக்கா, இது உங்க கதை மாதிரியே இருக்கே" என்றாள். பெயர், ஊர் இல்லைதான். ஆனால் தையல் கடை, துபாய், இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் கண்ணாடி போடுவது வரை அப்படியே இருந்தது. நகை விஷயத்தை மட்டும் காணோம்! மிஞ்சியது மாமியார் மருமகள் சண்டை. பதிலும் அதற்குத்தான்: வயதானவர், விட்டுக்கொடுத்துப் போம்மா. பொழுது சாய்வதற்குள் மாமியார் காதுக்கும் போய்விட்டது.

எழுதுகிறவர்கள் தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை, கணவர் இருக்கும் நாடு எல்லாவற்றையும் மாற்றி எழுதுங்கள். கேள்வியை முதல் மூன்று வரிக்குள் வையுங்கள். நான் நகையை மூன்றாம் பக்கத்தில்தான் சொல்லியிருந்தேன். நகல் எடுத்து வையுங்கள். என் நகலை வைத்துத்தான் பிறகு மனுவே எழுதினேன்.

15100க்குப் போன் போட்டேன், இலவச சட்ட உதவி எண். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னார்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. ஆதாரை மட்டும் எடுத்துப்போனதில் ஒரு நாள் வீண். கல்யாண ஆல்பம், நகைக்கடை ரசீது இரண்டையும் முதல் நாளே கொண்டுபோங்கள். கல்யாணத்தில் எனக்குப் போட்ட நகை என் சொத்து, 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அதைத் திருப்பித் தரச்சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

கோர்ட் வரை போகவில்லை. சமரசப் பேச்சில், ஆல்பத்தில் என் கழுத்தில் கிடந்த ஆரத்தைக் காட்டியதும் மாமியார் தலை குனிந்துகொண்டார். 15 பவுன் கைக்கு வந்துவிட்டது. மீதி 7 நாத்தனார் கல்யாணத்துக்குப் போனதாம்; ஆறு மாதத்தில் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை சின்னவளுக்குக் காது குத்தினோம்.