யூனோஸ் ரோட்ஸ்டருக்குப் பின்பக்கக் கம்பி போட்ட கதை

இலங்கை மலையகத்தில் கொட்டகலை தாண்டி பத்தனைப் பக்கம் போகும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கவனித்தேன். பின் சக்கரம் ஒன்று குழியில் இறங்கிய அதே நொடியில் தோளுக்குப் பக்கத்தில் கதவு ‘கிறீச்’ என்றது. ஸ்டியரிங் கையில் நடுங்கியது. கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் ஒரு கணம் இரண்டாகத் தெரிந்தது.

கார் 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை அந்தக் காலத்தில் ஜப்பானில் இந்தப் பெயரில்தான் விற்றார்கள். 1.6 எஞ்சின், பின் சக்கர இழுவை, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. ஹட்டனிலிருந்து நானுஓயா வரை உள்ள வளைவுகளில் இதைவிடச் சந்தோஷமான கார் கிடையாது என்பது என் கட்சி. மழையில் நனைந்துகொண்டே சொல்வேன்.

ஆனால் கூரை துணி. பழைய பலகைத் தேயிலைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு விஷயம் உடனே விளங்கும். மூடி அடித்த பெட்டி கல் மாதிரி நிற்கும். மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு மூலையைப் பிடித்துத் திருகினால் நெளியும். கூரையில்லாத காரும் அப்படித்தான். கியர்பொக்ஸையும், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் (சுருக்கமாக டிஃப்) இணைத்து இந்தக் காரில் ஒரு நீள அலுமினியச் சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி ‘இது போதுமே’ என்பார்கள். அது எஞ்சினிலிருந்து டிஃப் வரை உள்ளதை ஒரே துண்டாக வைத்திருக்கிறது, பாடியின் முறுக்கலுக்கு அதனால் பெரிய உதவி இல்லை. 1993இல் 1.8 எஞ்சின் வந்தபோது மாஸ்டாவே அடியில் சில கம்பிகளையும், சீட்டுக்குப் பின்னால் பெல்ட் மாட்டும் இரண்டு தூண்களையும் இணைக்கிற ஒரு குறுக்குக் கம்பியையும் சேர்த்தது. பாடி முறுகாமல் இருக்க அடியில் அப்படிக் கம்பி போடுவதைத்தான் நானும் நினைத்தேன், புதிதாக ஒன்றுமில்லை.

1.8இன் சாமான் கிடைக்குமா என்று கொழும்புக்குப் போய், வாகன உதிரிச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். கிடைக்கவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த மாதிரிக் காரின் சாமானுக்கு வாய்க்கு வந்த விலைதான் சொன்னார்கள். கடைசியில் இணையத்தில் ரெடிமேட் கம்பி ஒன்றை வாங்கினேன். பளபளவென்று சிவப்புப் பெயின்ட். சைலன்ஸர் குழாய்க்கு வழிவிட நடுவில் ஒரு வளைவு, எந்தக் காருக்கும் பொருந்தட்டும் என்று நீளமான போல்ட் ஓட்டைகள். அந்த இரண்டையும் பார்த்ததுமே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

தெரிந்த கராஜ் ஒன்றில் காரை நாலு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்க, அதைப் பூட்டினார்கள். கீழே இறக்கினால் இடது கதவு ஒழுங்காகச் சாத்தவில்லை. ஸ்டாண்டில் நிற்கும்போது பாடி கொஞ்சம் முறுகி நின்றிருக்கிறது. நாங்கள் அந்த முறுக்கலை அப்படியே போல்ட் போட்டுப் பிடித்துவிட்டோம். ஓட்டிப் பார்த்தால் கிறீச் சத்தம் அப்படியே இருந்தது, கூடவே ‘டக்’ என்று இன்னொன்றும் சேர்ந்தது. நீள ஓட்டையில் போல்ட் நகர்கிற சத்தம். வளைந்த குழாயை இழுத்தாலும் தள்ளினாலும் அது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், நேரான குழாய்தான் விறைப்பாக நிற்கும். இதெல்லாம் காசு கொடுத்த பிறகு வந்த ஞானம்.

அப்புறம்தான் ஓர் அண்ணனிடம் போனேன். தேயிலை பேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது வீட்டோடு சின்னப் பட்டறை. அவர் கம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டு, எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“தம்பி, ஈரமா இருக்கே. எவ்வளவு நாளா?”

காரைக் கழுவியதால் என்று நினைத்திருந்தேன். அவர் ஸ்குரூ டிரைவரின் பிடியால் பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்கு அடியில் ஓடும் படிச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். ‘டங், டங்’, அப்புறம் ‘டொப்’. அந்த இடத்தில் நுனியை வைத்து அழுத்தினார். பிஸ்கட்டில் குத்துவது போல உள்ளே போனது. உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் மெல்ல வடிந்து அவர் மணிக்கட்டு வரை வந்தது.

“செவரே உதிருது, நீ ஆணி அடிக்க வந்திருக்க.”

இந்தக் காருக்கு இது பேர்போன வியாதி. துணிக்கூரைக்குப் பின்னால் வழியும் மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் உள்ள குழாய் வழியாக அடியில் இறங்க வேண்டும். இலை, தூசி அடைத்தால் அது படிச் சட்டத்துக்குள் தேங்கி உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் அழகாக இருக்கும். எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த நாலு வாரமும் கம்பி வேலை இல்லை, துரு வேலைதான். பெற்றோல் தொட்டி சீட்டுக்குப் பின்னால், டிஃபுக்கு மேலே இருக்கிறது. ‘காலிதானே, இருக்கட்டும்’ என்று நான் சொல்லப்போக, காலித் தொட்டிதான் பொல்லாதது, உள்ளே ஆவி நிற்கும் என்று திட்டு விழுந்தது. தொட்டியைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே தூரத்தில் வைத்தோம். டிக்கியில் உள்ள பேட்டரியையும் எடுத்தோம். உளுத்ததை நல்ல தகடு தெரியும் வரை வெட்டி, 18 கேஜ் தகட்டில் துண்டு செய்து பற்றவைத்தார். கடைசியில் உள்ளே மெழுகு அடித்தோம்.

கம்பியின் முறை வந்தது. 25 மில்லிமீட்டர் குழாய், 2 மில்லிமீட்டர் கனம். பின் சக்கர அமைப்பைத் தாங்கும் சப்ஃபிரேமின் இரு பக்கத்திலிருந்தும் சாய்வாக முன்னால் போய்ப் பாடியின் பெட்டிச் சட்டத்தைப் பிடிக்கும் இரண்டு, அவற்றைக் குறுக்கே இணைக்கும் ஒன்று. எல்லாம் நேர்க் குழாய். சைலன்ஸர் இடித்த இடத்தில் குழாயை வளைக்காமல், பிடிக்கும் தகட்டை 20 மில்லிமீட்டர் கீழே இறக்கினார். பிரேக் பைப்புக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் ஒன்று தாராளமாகப் போக வேண்டும் என்றார். அவருடைய விரல் தடித்தது.

எனக்குத் தோன்றியே இருக்காத விஷயம் ஒன்றைச் செய்தார். பெட்டிச் சட்டம் உள்ளே வெற்று. அதன் குறுக்கே ஓட்டை போட்டு போல்ட்டை இறுக்கினால் சட்டம் நசுங்கும், நசுங்க நசுங்க போல்ட் தளரும். அதனால் சட்டத்தின் அகலத்துக்குச் சின்னக் குழாய்த் துண்டு வெட்டி உள்ளே வைத்துப் பற்றவைத்தார், போல்ட் அதற்குள்ளால் போகிறது. ஓட்டை 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அளவாக, துளியும் ஆட்டமில்லாமல். போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும் என்று என்னை இரண்டு தடவை கடைக்கு அனுப்பினார். முதல் தடவை நான் கொண்டுபோனதில் எந்த எண்ணும் இல்லை.

இறுக்கியது சர்வீஸ் ஸ்டேஷன் குழியின் மேல், நாலு சக்கரமும் தரையில் நிற்க. டோர்க் ஸ்பேனரில் 45 நியூட்டன் மீட்டர்.

வேலை தொடங்குவதற்கு முன், பாடி எவ்வளவு நெளிகிறது என்று அளக்க, இரும்பு அறுக்கும் ஹெக்ஸோ பிளேடுகளை அடுக்கிக் கதவின் பின் இடுக்கில் விட்டுப் பார்த்திருந்தோம். சமதரையில் ஆறு பிளேடு போனது. பின் மூலையை ஜேக்கில் தூக்கியதும் நாலுதான். துரு வேலை முடிந்து கம்பி போடாமல் பார்த்தபோதே ஐந்து போனது. அதாவது நான் குறை சொன்ன நெளிவில் பாதி, அந்த ஓட்டைச் சட்டம் செய்த வேலை. கம்பியோடு ஆறாவதும் போனது, கொஞ்சம் இறுக்கமாக.

தலவாக்கலை வரை ஓட்டினேன். டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவில் வேண்டுமென்றே குழியில் விட்டேன். கதவு வாய் திறக்கவில்லை. கண்ணாடியில் ஒரே ஒரு பஸ். வளைவுக்குள் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் பின்பக்கம் யோசிக்காமல் கூடவே வருகிறது. கார் வேகமாகிவிட்டதா என்றால் இல்லை. டயர் சத்தம் முன்பைவிட உள்ளே கேட்கிறது, தோட்டத்து ரோட்டில் குறுக்குக் கம்பி இரண்டு தடவை கல்லில் உரசியிருக்கிறது. பணக் கணக்கை வீட்டில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

சிவப்புக் கம்பி பட்டறைக் கூரையில் தொங்குகிறது, அண்ணன் அதில் வயர் சுற்றி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துணிக்கூரையைப் பாதி தூக்கிவிட்டு, இரண்டு பக்க ஓட்டையிலும் போத்தலால் தண்ணீர் ஊற்றுகிறேன். கம்பியை விட்டுக் குத்துவதில்லை, குத்தினால் உள்ளே குழாய் கழன்றுவிடும். மகள் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்ப்பாள். வலப்பக்கம் உடனே கத்துவாள். இடப்பக்கம் கொஞ்சம் நேரமாகும்.

“வந்திருச்சுப்பா.”