அடைமழையும் அடைத்த ஜன்னலும்

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும், நெல்லைச் சீமையில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும். "மழையில நனைஞ்சான், சளி பிடிச்சிட்டு" என்று ஆச்சிமார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதில் பாதி சரி. மழைக்கும் சளிக்கும் தொடர்பு உண்டு. ஆனால் தலை நனைவதைவிட, மழைக்குப் பயந்து நாம் அடைக்கும் கதவுதான் பெரிய காரணம்.

குளிர்ச்சிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 2005-ல் பிரிட்டனில் கார்டிஃப் நகரில் 180 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேர் 20 நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில்தான் அதிகம் பேர் சளி என்றார்கள். மூக்கில் வைரஸ் இருந்ததா என்று அங்கே பார்க்கவில்லை. குளிர் தானாக வைரஸை உண்டாக்காது. ஏற்கெனவே மூக்கில் குடியிருப்பதற்குக் கொஞ்சம் வழிவிடலாம், அவ்வளவுதான். அதிலும் பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையே 22 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

ஃப்ளூ காய்ச்சலின் காலம் ஊருக்கு ஊர் மாறும். ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லியிலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையோடு வரும். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரை ஒட்டி. நெல்லைக்கும் பெரும் மழை அப்போதுதான் என்பதால், நாம் சென்னைக் கணக்கில் சேர்த்தி என்று வைத்துக்கொள்வதே நல்லது. தென்காசி, குற்றாலப் பக்கம் ஆனி ஆடியில் சாரல் உண்டு. அங்கே லாட்ஜில் ஒரே அறையில் எட்டுப் பேர் ஜன்னலை அடைத்துப் படுப்பதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. 2007-ல் நியூயார்க்கில் கினிப் பன்றிகளை வைத்து ஃப்ளூ எப்படிப் பரவுகிறது என்று பார்த்தார்கள். 20 டிகிரியில், காற்றின் ஈரப்பதம் 20 முதல் 35 சதவீதம் இருந்தபோது நன்றாகப் பரவியது. 80 சதவீதத்தில் நின்றுபோனது. 30 டிகிரி வெப்பத்தில் காற்று வழியாகப் பரவவே இல்லை. அப்படியானால் கார்த்திகையில் 85, 90 சதவீத ஈரத்தில் நமக்கு ஃப்ளூ வரவே கூடாதே? வருகிறது.

தூத்துக்குடி உப்பளப் பாத்தியை நினைத்துக்கொண்டால் இது கொஞ்சம் விளங்கும். இருமும்போது தெறிக்கும் துளி உப்பும் புரதமும் கலந்த கரைசல். காற்று நடுத்தரமாக, 40 முதல் 60 சதவீத ஈரத்தில் இருந்தால் துளி சுண்டும், உள்ளே கரிப்பு ஏறும். ஃப்ளூ, கொரோனா மாதிரி கொழுப்புறை போர்த்திய வைரஸ்கள் அந்தக் கரிப்பில் சீக்கிரம் கெடும். காற்று ரொம்ப வறண்டிருந்தால் பாத்தியில் உப்பு விளைவது போலத் துளிக்குள் உப்பு படிகமாகிப் பிரிந்துவிடும், வைரஸ் தப்பிக்கும். ஈரம் முட்டி நின்றாலோ துளி சுண்டுவதே இல்லை. கரிப்பு ஏறாமல் அப்போதும் வைரஸ் தப்பிக்கும். மழை நாளில் பாத்தியில் உப்பு விளையாததைப் போலத்தான்.

இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் கொரோனா வைரஸ் சில நிமிடங்களில் செயலிழக்கும், ஆனால் அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது? 30 டிகிரியில் காற்று வழி தடைப்பட்ட அதே ஃப்ளூ, ஒரே கூண்டில் சேர்த்து அடைத்த விலங்குகளிடையே பரவத்தான் செய்தது. மழை நாளில் நம் வீடும் அந்தக் கூண்டு மாதிரிதான். சாதாரண ஜலதோஷத்தைத் தரும் ரைனோ வைரஸுக்குக் கொழுப்புறை கிடையாது. ஈரம் அதற்குப் பிடிக்கும். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவது நல்லது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்றால் 1200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். நாலு பேர் கதவடைத்துப் படுத்தால், வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் இருக்கும் கரியமில வாயு, உள்ளே ஒரு மணி நேரத்தில் 1500-ஐத் தாண்டும். அந்த வாயுவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு அது ஓர் அளவுகோல். 800-க்குள் வைத்திருப்பது நல்லது. அதற்கு அறைக் காற்று மணிக்கு ஐந்து தடவையாவது மாற வேண்டும். பெரிய எச்சில் துளி சில விநாடிகளில் தரையில் விழும். 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) துளி அசையாத காற்றில் அரை மணி நேரம் மிதக்கும், 1 மைக்ரான் துளி பல மணி நேரம்.

கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் வாங்க வேண்டாம் என்றால் ஊதுபத்தி போதும். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, கட்டிலருகே பத்தியைப் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் காற்று நடக்கிறது. ஒரு சாண் நேரே ஏறி, அங்கேயே சுருண்டு கலைந்தால் காற்று செத்துக் கிடக்கிறது. பார்த்ததும் பத்தியை அணைத்துவிடுங்கள். "ஃபேன் ஓடுதே" என்பவர்களுக்கு: ஃபேன் இருக்கிற காற்றைத்தான் கலக்கும். ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான், உள்ளே இருப்பதையே சுற்றிவிடும். அதன் வலை தூசியைத்தான் பிடிக்கும். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ உணவகத்தில் ஏசி காற்றின் பாதையில் இருந்த மூன்று மேசைகளில் 10 பேருக்குக் கொரோனா வந்தது.

நம் பழைய வரிசை வீடுகளில் தார்சா என்கிற முன்கட்டு, பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை, புறவாசல் எல்லாம் நேர்கோட்டில் இருக்கும். இரு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் அந்தக் கோடுதான் வீட்டின் மூச்சுக்குழல். அதை நடுவில் மறித்து பெட்ரூம் கட்டுவதும், முற்றத்தை ஃபைபர் ஷீட்டால் மொத்தமாக மூடுவதும்தான் இப்போது நடக்கிற பெரிய தப்பு. ஷீட் போடத்தான் வேண்டுமென்றால், இரும்புக் குழாய் நட்டுச் சுவருக்கு மேல் ஓரடி தூக்கி, ஓரத்தை வெளியே நீட்டிப் போடுங்கள். சாரலும் அடிக்காது, காற்றும் போகும்.

எக்ஸாஸ்ட் ஃபேனில் மூன்று தப்பு வழக்கமாக நடக்கும். ஆறு அங்குல ஃபேன் மணிக்கு 200 முதல் 300 கன மீட்டர் தள்ளக்கூடியது, நம் 34 கன மீட்டர் அறைக்குத் தாராளம். ஆனால் கதவை இறுக அடைத்தால் உள்ளே வரக் காற்றில்லாமல் வெறுமனே சுற்றும். அதனால் கதவின் கீழே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டினால் ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விடும், கட்டில் பக்கம் ஒன்றும் நடக்காது. எதிர்ச்சுவரில்தான் மாட்ட வேண்டும். மூன்றாவது, மேற்குச் சுவரில் மாட்டுவது. மேற்கிலிருந்து வந்து காற்றாலைகளைச் சுற்றவைக்கிற ஆடிக்காற்று இந்தச் சின்ன இறக்கையைத் தள்ள விடுமா? கிழக்குச் சுவர் நல்லது. ஐப்பசியில் திசை மாறி வடகிழக்குச் சாரல் அடிக்கும்போது மேற்கு ஜன்னலை ஒரு சாணாவது திறந்து வைக்கலாம்.

டவுன் பஸ்ஸிலும் இதே கணக்குதான். மழை ஒரு பக்கம் அடித்தாலும் ஷட்டரை இரண்டு பக்கமும் இறக்கிவிடுகிறோம். அடிக்காத பக்கம் முன்னும் பின்னும் ஒவ்வொன்றையாவது பாதி ஏற்றி வைக்கலாம். ட்யூஷன் அறை என்றால் 45 நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை வெளியே விட்டு, பத்து நிமிடம் கதவு ஜன்னலைத் திறந்து போடுங்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது போல இன்னொரு மழை வந்து மண்டபத்தில் தங்க நேர்ந்தால், இருமுகிறவர்களைக் காற்று வெளியேறும் வாசல் பக்கம் படுக்க வைத்து முகக்கவசம் கொடுங்கள். நனைந்த கவசத்தில் மூச்சு இழுப்பது சிரமம், உலர்ந்ததாக இரண்டு கையில் இருக்கட்டும்.

கொசுவத்தியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அடைத்த அறையில் ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 சிகரெட்டுக்கும் மேல் என்று அளந்திருக்கிறார்கள். சளியை வெளியே தள்ளும் மூச்சுக்குழாய் மயிரிழைகளைப் புகை முடக்கும். கொசுவலைக்கு மாறிவிடுங்கள்.

ஃப்ளூ தடுப்பூசி வேலைசெய்ய இரண்டு வாரம் ஆகும். முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுப் புரட்டாசிக்குள் போட்டுக்கொண்டால் ஐப்பசி மழைக்குத் தயார். காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து ஐந்தாறு நாள் வரை தொற்றும். அந்த நாட்களில் நோயாளியின் கட்டிலை எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் போடுங்கள். காற்று உள்ளே வரும் ஜன்னலடியில் போட்டால் அவர் மூச்சுதான் வீடு முழுக்கப் போகும்.