222 மாத்திரைக் கணக்கு

எங்கள் நாய் செவலை குட்டி போட்டு நேற்றோடு 60 நாள். ஏழு குட்டி, ஏழும் உயிரோடு இருக்கின்றன. இதை எழுதும்போதே கொஞ்சம் பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடுமோ என்று. போன ஈற்றில் ஆறில் நாலு போய்விட்டன. நாயைச் சினையாக வைத்துக்கொண்டு “பூச்சி மருந்தா, குட்டி போடட்டும், அப்புறம் பார்ப்போம்” என்று யாராவது இருந்தால், நான் அலைந்த அலைச்சலில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

செவலை சிப்பிப்பாறை இன நாய். நாங்கள் இருப்பது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். போன தடவை குட்டிகள் பத்து நாள் வரை கொழுகொழுவென்று இருந்தன. பன்னிரண்டாம் நாள் ஒன்று பால் குடிக்காமல் ஒதுங்கிப் படுத்தது. வயிறு மட்டும் பானை மாதிரி, உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு வெள்ளை. கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் கூடைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “45 நாள் ஆகட்டும் தம்பி, தடுப்பூசி போட வரும்போது பூச்சி மருந்தும் சேர்த்துக் கொடுத்துக்கிடலாம்” என்றார். வீடு திரும்பும் முன்பே அது கண்ணை மூடிவிட்டது. அடுத்த எட்டு நாளில் இன்னும் மூன்று. கண் பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள்.

நாலாவது குட்டியைப் புதைக்க மனசு வரவில்லை. ஒரு பையில் போட்டு, ஐஸ் வைத்து, திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்தார்கள். குடலின் ஒரு துண்டை நீட்டி டாக்டர் காட்டினார். உள்சுவரில் சின்னச் சின்ன நூல்துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கொக்கிப்புழு. ரத்தத்தை உறிஞ்சுவது அதுதான். அது போதாதென்று வெள்ளையாக, நீளமாக உருண்டைப்புழுவும் சுருண்டு கிடந்தது.

“மேடம், இணை சேர்க்கறதுக்கு முன்னாடியே தாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுத்தேனே” என்றேன். அந்த மாத்திரை குடலில் இருப்பதைத்தான் வெளியேற்றும் என்றார். உருண்டைப்புழுவின் குஞ்சுகள் தாயின் சதைக்குள் வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்குமாம். சினையின் கடைசிப் பகுதியில், ஏறக்குறைய 42ஆம் நாளுக்கு மேல், அவை விழித்து நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும். கொக்கிப்புழு வருவது தாய்ப்பாலில். அதாவது குட்டி பிறக்கும்போதே ஒன்றோடு பிறக்கிறது, குடிக்கும்போது இன்னொன்றையும் வாங்கிக்கொள்கிறது. இது தெரிந்தால் 45 நாள் காத்திரு என்று யாராவது சொல்வார்களா? அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த ஈற்றுக்கு முன்கூட்டியே தயாரானேன். இணை சேர்த்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவைத்தேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள், மற்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான்.

முதலில் ஒரு வீண் அலைச்சல். செவலையின் மலத்தைப் பரிசோதிக்கலாம் என்று பேப்பரில் பொதிந்து கொண்டுபோனால், காய்ந்துவிட்டது, ஆகாது என்றார்கள். மறுநாள் மூடி போட்ட டப்பாவில் கொண்டுபோனேன். புழு முட்டை எதுவும் இல்லை என்று சீட்டு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். போனில் சொன்னபோது கல்லூரி டாக்டர் சிரித்துவிட்டார். சதைக்குள் தூங்குகிற புழு முட்டை போடாது, அதனால் சினை நாய்க்கு இந்தச் சீட்டை நம்பி உட்காரக் கூடாது என்றார். குட்டிகளுக்கும் இதே கதைதான். புழு வளர்ந்து முட்டை போடச் சுமார் மூன்று வாரம் ஆகும். மலத்தில் முட்டை தெரியும் முன்பே குட்டி செத்துவிடலாம்.

இடையில் ஒரு பெரிய ஆபத்து தப்பியது. பள்ளிக்கூடத்தில் பிப்ரவரி 10ஆம் தேதி பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரை பக்கத்து வீட்டில் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. “இதுவும் பூச்சி மாத்திரைதானடா” என்று பெரியம்மா அதைச் சோற்றில் பிசைந்து எடுத்து வந்துவிட்டார். அது அல்பெண்டசோல். சினையாக இருக்கும்போது கொடுத்தால் கருவுக்கே கெடுதல். சோற்றைக் கையிலிருந்து வாங்கிக் கொட்டியதில் பெரியம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது ஃபென்பெண்டசோல். சினையின் 40ஆம் நாளில் தொடங்கி, குட்டி போட்டு 14 நாள் வரை தினமும். எடைக்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம். செவலையை நிறுக்க எங்கேயும் தோதான தராசு இல்லை. கடைசியில் பழைய இரும்புக் கடைத் தராசில் அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி, பிறகு என் எடையைக் கழித்தேன். 18 கிலோ. அப்படியானால் நாளைக்கு 900 மில்லிகிராம். கடையில் கிடைத்தது 150 மில்லிகிராம் மாத்திரை, ஆக தினம் ஆறு. அவள் 62ஆம் நாள் ஈன்றாள், அதை வைத்துப் பார்த்தால் மொத்தம் 37 நாள், 222 மாத்திரை.

மருந்துக்கடை அண்ணாச்சி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு நாய்க்கா? டாக்டர் தப்பா எழுதியிருப்பாரு தம்பி. மூணு நாள் கொடுத்தாப் போதும்” என்று அவராகவே குறைத்துவிட்டார். போன் போட்டு டாக்டரையே பேச வைத்த பிறகுதான் நம்பினார். ஆனால் அவரிடம் இருந்தது 40 மாத்திரை. சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கேயும் இல்லை. எல்லாக் கடையிலும் இருந்தது மாட்டுக்குக் கொடுக்கிற 1.5 கிராம் குண்டு மாத்திரை.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாட்டு மாத்திரையில் பாதி 750. அதோடு சின்ன மாத்திரை ஒன்று 150. கூட்டினால் சரியாக 900! டாக்டரிடம் கேட்டதற்கு, மருந்து அதே மருந்துதான், சரிபாதியாக வெட்டுங்கள் என்றார். ஆச்சியின் பாக்குவெட்டியை எடுத்தேன். 37 நாளைக்குப் பத்தொன்பது குண்டு மாத்திரையும் 37 சின்ன மாத்திரையும் போதும். அண்ணாச்சி கடையில் இருந்த 40ஐ வைத்தே சமாளித்துவிட்டேன், மூன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. (உங்கள் நாய்க்கு என் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். எடையை நிறுத்து, டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள்.) வெறும் வயிற்றில் கொடுக்காமல் சோற்றோடு கொடுக்க வேண்டும். நான்கு நாள் தின்றாள், ஐந்தாம் நாள் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். பொடித்து மத்திக் குழம்பில் கலந்த பிறகு வழிக்கு வந்தாள்.

உண்ணித் தொல்லையும் சேர்ந்துகொண்டது. மாட்டுக்கு அடிக்கிற அமிட்ராஸைத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொல்லி ஒருவர் பாட்டிலையே கையில் திணித்தார். சினை நாய்க்கும் பால்குடிக் குட்டிக்கும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பதில் ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து ஸ்பிரேயைக் கையுறை போட்டுத் தடவி, காயும் வரை அவளைத் தனியே கட்டினேன். ஆனால் நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். தொழுவச் சுவர் விரிசலில் டார்ச் அடித்துப் பார்த்தால் கேழ்வரகு கொட்டியது போலக் குஞ்சு உண்ணி. விரிசலை எல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசினேன், அதற்குப் பிறகுதான் அடங்கியது.

பிரசவம் சுகமாக நடந்தது.

குட்டிகளுக்கு 14ஆம் நாள் முதல் மருந்து. தாய்க்கு அத்தனை மாத்திரை கொடுத்தாலும் புழு முழுசாகப் போகாது, வெகுவாகக் குறையும், அவ்வளவுதான். அதனால் 14, 28, 42, 56 என்று இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பைரன்டல் சிரப். அப்புறம் ஆறு மாதம் வரை மாதாமாதம். இதை வாங்கப் போனபோது மருந்தகத்தில் அதே ஆள், அதே “45 நாள் ஆகட்டும்”. இந்தத் தடவை நான் வாய் திறக்கவில்லை. சீட்டை நீட்டினேன், மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக உட்கார வைத்து நிறுத்தோம். 780 கிராமிலிருந்து 910 வரை. ஒரே மாதிரி இருக்கின்றன என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்றாதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாக மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டால் புரை ஏறிவிடும்.

மறுநாள் இரண்டு குட்டிகளின் மலத்தில் வெந்த சேமியா மாதிரி நெளிந்தது. எனக்குக் குமட்டவில்லை, விசில் அடிக்கத் தோன்றியது. ஆனால் நான் குச்சியைத் தேடுவதற்குள் செவலை அதை நக்கப் போய்விட்டாள். குட்டிகளைச் சுத்தம் செய்யும்போது தாய்க்கு மறுபடி புழு ஏறுவது இப்படித்தான். அதனால் 28ஆம் நாளிலிருந்து குட்டிகளுக்குக் கொடுக்கும்போதெல்லாம் அவளுக்கும் ஒரு வேளை. அக்கா பையனுக்கு மூன்று வயது, மண்ணை அள்ளி வாயில் போடுகிறவன். இந்த உருண்டைப்புழு மனிதக் குழந்தையின் கண்ணுக்குக்கூடப் போகுமாம். முட்டை மண்ணில் விழுந்து தொற்றுகிற நிலைக்கு வரக் குறைந்தது இரண்டு வாரம் ஆகும் என்பதால் அன்றன்றைய மலத்தை அன்றன்றே அள்ளிக் குழியில் போட்டு மூடினோம். அந்த வேலை அம்மா தலையில் விழுந்தது. மிளகாய் சுற்றுவதையும் அவள் விடவில்லை, அது தனி.

50ஆம் நாள் நாலு குட்டிகள் விலைக்குப் போயின. வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் மருந்து கொடுத்த தேதி, அடுத்த தேதி எல்லாம் எழுதிய சீட்டுக் கொடுத்தேன். மூன்று பேர் படித்துப் பார்த்தார்கள். ஒருவர் அதிலேயே வெற்றிலை மடித்தார்.

முந்தாநாள் அவர்தான் போன் செய்தார். குட்டி வயிற்றிலிருந்து புழு வருகிறதாம், நோய்க்குட்டியைத் தலையில் கட்டிவிட்டேனாம். மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டேன். “கொடுத்த மறுநாள்தான்யா வந்துச்சு!” என்றார். அப்படித்தான் அண்ணாச்சி வரணும், உள்ளே இருந்தால்தான் ஆபத்து என்று கால் மணி நேரம் பேசினேன். பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நாளைக்கு நேரில் வருகிறாராம். சீட்டின் நகலை எடுத்து வைத்திருக்கிறேன்.