குளோன் செய்த லேப்டாப் பூட் ஆகவில்லையா? அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள்

பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பதை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்தாயிற்று, அதாவது குளோன் செய்தாயிற்று, நூறு சதவீதம் முடிந்தது என்று சாஃப்ட்வேரும் சொல்லிவிட்டது, எஸ்எஸ்டியை உள்ளே மாட்டி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்து நிற்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபைல்கள் அநேகமாக அப்படியே இருக்கின்றன. விண்டோஸும் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று லேப்டாப்புக்குச் சொல்லும் சிறிய பகுதி மட்டும்தான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும், இல்லையென்றால் பழைய டிஸ்கையே காட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யச் சில நிமிடம் போதும். அது தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

புதிதாகப் போட்டால்தான் என்ன என்று கேட்கலாம். வெறும் பிரவுசரும் படம் பார்ப்பதும்தான் வேலை என்றால் ஒன்றுமில்லை, போட்டுக்கொள்ளலாம். ஆனால் சாத்தூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் என் சித்தப்பாவின் லேப்டாப் அப்படிப்பட்டதல்ல. அதில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் இருக்கிறது, 2001-இல் வந்த 7.0, அதற்குப் பிறகு சின்னத் திருத்தங்களைத் தவிர புதிய பதிப்பே வரவில்லை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, அவற்றுக்கான கீபோர்டு சாஃப்ட்வேர் இருக்கிறது, அந்த சிடி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பல வருடமாகச் செய்த பத்திரிகைகள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் திறக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதோ ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ சின்ன அச்சகங்களும் டிடிபி கடைகளும் இன்னும் இந்த நிலையில்தான் ஓடுகின்றன. இவர்களுக்குக் குளோன் என்பது வசதிக்காகச் செய்வதல்ல, வேறு வழியே கிடையாது.

சித்தப்பா பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து 500 ஜிபி ஹார்ட் டிஸ்கை 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். மாற்றிக் கொடுத்தார்கள், பூட் ஆகவில்லை. ‘ஃபார்மட் பண்ணினால்தான் சரியாகும்’ என்று அவர்கள் சொன்னதும் எனக்குப் போன் வந்தது. தை முகூர்த்த வேலைகள் குவிந்து கிடக்கும் நேரம்.

“எல்லாம் போச்சாப்பா?”

“பழைய டிஸ்க் உங்க கையிலதானே இருக்கு சித்தப்பா? அப்ப எதுவும் போகல. ரெண்டையும் எடுத்து வைங்க, யாரையும் தொட விடாதீங்க, நான் வர்றேன்.”

இந்த மாதிரிப் பிரச்சினையில் நான் முதலில் பார்ப்பது, லேப்டாப் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பது ஒரு சங்கிலி. மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க சாஃப்ட்வேரான யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தில் வந்தது), எந்த டிஸ்கில் எந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கைப் பிரித்த எந்தப் பகுதியை, திறக்க வேண்டும் என்று தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்க்கும். அந்த பார்ட்டிஷன் இஎஃப்ஐ பார்ட்டிஷன் எனப்படுவது, ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி அளவுதான், மை கம்ப்யூட்டரில் கண்ணுக்கே தெரியாது. அதற்குள் விண்டோஸ் பூட் மேனேஜர் இருக்கிறது. அது பிசிடி என்ற ஒரு ஃபைலைப் படிக்கும், அந்த ஃபைலில்தான் விண்டோஸ் எந்த பார்ட்டிஷனில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். அதன்பின்தான் சி டிரைவ் பக்கமே வரும். சி டிரைவ் முழுசாகக் காப்பி ஆகியிருந்தும் முன்னால் உள்ள இந்தச் சின்னப் பகுதி இல்லாவிட்டால், புத்தகம் முழுக்க அச்சாகி பொருளடக்கம் மட்டும் விட்டுப்போன கதைதான்.

ஆக, பூட்டபிள் டிவைஸ் இல்லை என்று வந்தால் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே நிற்கிறது என்று அர்த்தம். நீலத் திரையில், தேவையான சாதனம் இணைக்கப்படவில்லை என்ற பொருளில் பிழை வந்தால் பூட் மேனேஜர் வரை வந்துவிட்டது, பிசிடி காட்டும் இடத்தில் விண்டோஸ் இல்லை. விண்டோஸ் லோகோ வந்து, வட்டம் சுற்றி, அப்புறம் ‘இனாக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று விழுந்தால் விண்டோஸே ஓடத் தொடங்கிவிட்டது, டிஸ்கைப் படிக்க உதவும் டிரைவர்தான் ஏற்றப்படவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பார்க்காமல் இணையத்தில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் வரிசையாக அடித்துக்கொண்டிருந்தால் சும்மா இருந்ததும் கெட்டுப்போகும்.

கட்டளை எதையும் தொடும் முன் பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள் (எஃப்2, எஃப்10, டெலீட், எஸ்கேப், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). எஸ்எஸ்டியின் பெயர் அங்கே தெரிகிறதா? தெரியவில்லை என்றால் இது குளோன் பிரச்சினையே அல்ல, சரியாக மாட்டவில்லை, அல்லது எம்.2 என்ற சிறிய எஸ்எஸ்டி ஸ்லாட்டுக்குப் பொருந்தாத வகை வாங்கியிருக்கிறீர்கள். எம்.2 என்று ஒரே வடிவத்தில் வந்தாலும் சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு இணைப்பு வகைகளும் வேறு, சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். தெரிகிறது என்றால், பூட் மோட் லெகசியா (பழைய பயாஸ் முறை) யுஇஎஃப்ஐயா என்று பாருங்கள். டிஸ்கின் பார்ட்டிஷன் விவரத்தை எழுதி வைக்கும் முறை இரண்டு, பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. பழைய டிஸ்க் எம்பிஆர் என்றால் லெகசி வேண்டும், ஜிபிடி என்றால் யுஇஎஃப்ஐ வேண்டும். சில சமயம் பயாஸ் ரீசெட் ஆகி மோட் மாறியிருக்கும், அதை மாற்றி வைத்தாலே பூட் ஆகிவிடும்.

சித்தப்பா லேப்டாப்பில் மோட் சரியாகத்தான் இருந்தது. 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து விண்டோஸ் இன்ஸ்டாலர் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை வந்துவிடும். இங்கே ஒரு முக்கியமான விஷயம். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம், யுஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். லெகசியில் நுழைந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் கட்டளை மதர்போர்டின் பட்டியலில் எதையும் எழுதாது.

அங்கே டிஸ்க்பார்ட் (diskpart) என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து லிஸ்ட் டிஸ்க் அடித்தேன். எஸ்எஸ்டிக்கு நேராக ஜிபிடி என்ற தலைப்பின் கீழ் நட்சத்திரம் இருந்தது, நல்லது. செலக்ட் டிஸ்க் போட்டு லிஸ்ட் பார்ட்டிஷன் அடித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் சி பார்ட்டிஷனை மட்டும் காப்பி செய்திருக்கிறார்கள். பழைய டிஸ்கில் இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷன் வரவே இல்லை. டி டிரைவும் வரவில்லை. புதுசு பெரிய டிஸ்க் என்பதால் பின்னால் நிறைய இடம் காலியாகக் கிடந்தது, அது ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று.

இஎஃப்ஐ பார்ட்டிஷன் டிஸ்கின் தொடக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை, கடைசியில் இருந்தாலும் யுஇஎஃப்ஐ கண்டுபிடித்துவிடும். காலி இடத்தில் கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ என்று 300 எம்பிக்கு உருவாக்கி, ஃபேட்32-இல் குயிக் ஃபார்மட் செய்து, டிரைவ் எழுத்தாக எஸ் கொடுத்தேன். ஃபார்மட் என்றதும் பயப்பட வேண்டாம், அது இப்போது உருவாக்கிய புதுப் பார்ட்டிஷனுக்கு மட்டும். ஆனால் எந்த டிஸ்க், எந்த பார்ட்டிஷன் தேர்வாகியிருக்கிறது என்று ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும், பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்வதும் அதற்காகத்தான்.

அடுத்தது பிசிடிபூட் (bcdboot). இந்த ஒரு கட்டளை தெரிந்திருந்தால் போதும், குளோன் பிரச்சினைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து பிசிடிபூட் என்று அடித்து, இடம் விட்டு விண்டோஸ் ஃபோல்டர் இருக்கும் இடம், பிறகு ஸ்லாஷ் எஸ் போட்டு இஎஃப்ஐ பார்ட்டிஷனின் எழுத்து, பிறகு ஸ்லாஷ் எஃப் போட்டு யுஇஎஃப்ஐ. அவ்வளவுதான். பூட் ஃபைல்களை அதுவே விண்டோஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து வைத்து, புது பிசிடியையும் எழுதி, பெரும்பாலும் மதர்போர்டின் பட்டியலிலும் சேர்த்துவிடும். ஒரே ஒரு கவனம்: பென் டிரைவிலிருந்து பூட் செய்யும்போது சி டிரைவ் சி-யாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது, டி ஆகவோ ஈ ஆகவோ மாறியிருக்கலாம், லிஸ்ட் வால்யூமில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பல இடங்களில் பூட்ரெக், ஃபிக்ஸ்பூட் என்ற கட்டளைகளைச் சொல்லியிருப்பார்கள். யுஇஎஃப்ஐ கணினிகளில் ஃபிக்ஸ்பூட் பல சமயம் ‘ஆக்சஸ் டினைட்’ என்று மறுத்துவிடும். அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காதீர்கள், பிசிடிபூட்டுக்கு வந்துவிடுங்கள்.

ரீஸ்டார்ட் செய்தோம், விண்டோஸ் வந்தது. சித்தப்பா முதலில் திறந்தது ஒரு பழைய பத்திரிகை ஃபைலை. தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது, ஆனால் பிள்ளையார் படம், பார்டர் எல்லாம் லிங்க் விட்டுப்போயிருந்தன. பேஜ்மேக்கர் படங்களை இருக்கும் இடத்தின் பாதையை வைத்துத்தான் தேடும், அவை எல்லாம் டி டிரைவில் இருந்தவை. மீதி காலி இடத்தில் ஒரு பார்ட்டிஷன் போட்டு, டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு டி என்ற எழுத்தையே கொடுத்து, பழைய டிஸ்கை யுஎஸ்பி வழியாக மாட்டி ஃபோல்டர்களை அதே பெயரில் காப்பி செய்ததும் எல்லாம் வந்துவிட்டது.

எல்லோருக்கும் இதே காரணம் இருக்காது. லோகோ வரும் முன்பே, சாதனம் இணைக்கப்படவில்லை என்ற நீலத் திரைப் பிழை வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு டிஸ்கையும் ஒன்றாக மாட்டிப் பூட் செய்ததுதான் வினை. எம்பிஆர் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டில் ஒரு அடையாள எண் உண்டு, குளோன் செய்யும்போது அதுவும் காப்பியாகலாம். ஒரே எண்ணோடு இரண்டு டிஸ்கை விண்டோஸ் ஏற்காது, ஒன்றை ஆஃப்லைனில் வைக்கும். அதை நீங்கள் ஆன்லைன் ஆக்கினால் புது எண் எழுதிவிடும். பிசிடி பழைய எண்ணையே தேடும். அதனால் குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, புது டிஸ்க் மட்டும் இருக்கும்படி முதல் பூட்டைச் செய்யுங்கள். ஏற்கெனவே இப்படி ஆகிவிட்டதென்றாலும் பிசிடியைத் திரும்ப எழுதினால் சரியாகிவிடும்.

சாட்டா டிஸ்கிலிருந்து என்விஎம்இக்குப் போனவர்களுக்கு லோகோ வந்தபின் ‘இனாக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று விழும். விண்டோஸில் என்விஎம்இ டிரைவர் உண்டு, ஆனால் அதுவரை தேவைப்படாததால் பூட் நேரத்தில் ஏற்றப்படாமல் இருக்கும். ஒருமுறை சேஃப் மோடில் பூட் செய்தால் அதுவே ஏற்றிக்கொள்ளும், அடுத்த முறை சாதாரணமாக வரும். பயாஸில் சாட்டா மோட் ஏஹெச்சிஐயா ரெய்டா என்பது பழையபடி இருக்கிறதா என்றும் பாருங்கள், அது மாறினாலும் இதே பிழைதான்.

இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. டிஸ்க் தகவலைச் செக்டார் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து வைக்கும். சில யுஎஸ்பி டிஸ்க் பெட்டிகள் 512 பைட் செக்டார் உள்ள டிஸ்கை 4096 பைட் செக்டாராகக் காட்டும். அந்தப் பெட்டியில் வைத்துக் குளோன் செய்த டிஸ்க், பெட்டியில் இருக்கும் வரை நன்றாகத் தெரியும், லேப்டாப்புக்குள் மாட்டினால் பார்ட்டிஷனே இல்லாதது போலத் தெரியும். இதைக் கட்டளையால் சரிசெய்ய முயல வேண்டாம். புது டிஸ்கை உள்ளே மாட்டிவிட்டு, பழையதை வெளியே யுஎஸ்பியில் வைத்து, குளோன்சில்லா மாதிரி ஒரு குளோன் சாஃப்ட்வேர் உள்ள பென் டிரைவிலிருந்து பூட் செய்து மறுபடி குளோன் செய்யுங்கள். அதற்கு முன் விண்டோஸை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது பாதி உறக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் காப்பி எடுப்பது சரியல்ல.

பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் என்கிரிப்ஷன்) இருக்கும் லேப்டாப் என்றால் குளோனுக்கு முன்பே அதை சஸ்பெண்ட் செய்துவிட்டு, 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது லேப்டாப்புகள் பலவற்றில் நாம் கேட்காமலே என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும், கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும். அந்த அக்கவுன்ட் பாஸ்வேர்டு இப்போது உங்களிடம் இருக்கிறதா என்று டிஸ்கைக் கழற்றும் முன் பாருங்கள்.

கடைசியாகப் பழைய டிஸ்க். டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினாலோ, டக் டக் என்று சத்தம் வந்தாலோ திரும்பத் திரும்ப அதைக் குளோன் செய்து பார்க்காதீர்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி இருக்கிறது, நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் போகும். சித்தப்பாவின் டிஸ்க் ‘குட்’ என்று நீலத்தில்தான் இருந்தது. இருந்தாலும் தை முகூர்த்தம் முடிகிற வரை அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லி, எஸ்எஸ்டி வந்த டப்பாவிலேயே போட்டு, தேதி எழுதி, கடை பீரோவில் வைத்திருக்கிறோம்.